விஸ்வநத்தத்துக்குப் போன கப்பல் மிஷின்

கப்பலை அளப்பது என் பிழைப்பு. ஷார்ஜாவில் ஒரு பழைய கப்பல் பழுதுபார்க்கக் கரையேறினால், அதன் வயிற்றுக்குள் இறங்கி, எந்தக் குழாய் எங்கே வளைகிறது, எந்தத் தகடு எவ்வளவு குழிந்திருக்கிறது என்று லேசர் மிஷினால் அளந்து கொடுப்பது என் கம்பெனியின் வேலை. மூன்று கால் ஸ்டாண்டில் மிஷினை நிறுத்தினால் அது மெதுவாகத் தன்னைத்தானே சுற்றிக்கொண்டு, கண்ணுக்குத் தெரியாத ஒளியை நாலா பக்கமும் வீசும். ஒளி எதில் பட்டுத் திரும்புகிறதோ அந்த இடத்துக்கு ஒரு புள்ளி. கோடிக்கணக்கான புள்ளிகள் சேர்ந்ததும் கம்ப்யூட்டரில் அந்த இடமே எழுந்து நிற்கும். நான் காரியாபட்டியில் ஆறாம் வகுப்போடு படிப்பை முடித்தவன். கப்பல் தொட்டிக்குள் துரு சுரண்டுகிற வேலைக்குப் போனவன். இன்று என் கையெழுத்து விழாமல் சில கப்பல்கள் தண்ணீரில் இறங்குவதில்லை. நான் சொல்லாவிட்டால் இதை வேறு யாரும் சொல்லப்போவதில்லை, அதனால் முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

இந்த முறை பயணம் கப்பலுக்காக இல்லை. விஸ்வநத்தம் பக்கத்தில் பட்டாசுக் கம்பெனி வைத்திருக்கும் தங்கராசு முதலாளி, தன் தம்பியைப் பார்க்க ஷார்ஜா வந்திருந்தபோது என் ஆபீஸுக்கும் வந்தார். ஒரு டேங்கர் கப்பலின் இன்ஜின் அறையைத் திரையில் ஓடவிட்டுக் காட்டினேன். டீயை ஆறவிட்டுப் பார்த்துக்கொண்டே இருந்தார்.

"இதே மாதிரி நம்ம கம்பெனிய அளந்து தர முடியுமா அண்ணாச்சி? புதுசா ரூம் கட்டணும். ரூமுக்கு ரூம் எம்புட்டு எடம் விடணும்னு சட்டம் இருக்கு. எங்கிட்ட இருக்குற பிளான் எங்கப்பா காலத்துல போட்டது."

கூலி வேண்டாம் என்றேன். பிறந்த மாவட்டத்தில் நான் யார் என்பதை நாலு பேர் பார்க்கட்டும், அது போதும் என்று நினைத்தேன்.

என்னோடு வந்தவர் ரோமெல். பிலிப்பைன்ஸ்காரர், தலை நரைத்தவர், மிஷினை ஓட்டுவதில் அவரை மிஞ்ச ஆளில்லை. வேலை கற்றுக்கொடுத்தது நான். மதுரை விமான நிலையத்தில் எங்கள் பெட்டியைத் திறக்கச் சொன்னார்கள். கருவியைத் திருப்பித் திருப்பிப் பார்த்த அதிகாரி, "என்ன இது, கேமராவா?" என்றார்.

"கப்பல் அளக்குற மிஷின் சார்."

"மதுரையில கப்பல் எங்க சார் இருக்கு?"

பின்னால் நின்றவர்கள் சிரித்தார்கள். என்ன கேட்டார் என்று ரோமெல் விசாரித்தார். சொன்னேன். "மேலிருந்து பெரிய ஆறு ஒன்று தெரிந்ததே பாஸ், அதைச் சொல்லுங்கள்" என்றார். அவர் பார்த்தது வைகையின் மணல். அதை விளக்கிக்கொண்டிருக்க நேரமில்லை. பெட்டி எங்கள் கைக்கு வந்தபோது மதியச் சாப்பாட்டு வேளை தாண்டியிருந்தது.

வேன் காரியாபட்டி அருகே பஞ்சர். டிரைவரிடம் மாற்று டயர் இருந்தது, ஜாக்கி இல்லை. ஒரு லாரியை மறித்து ஜாக்கி வாங்கினார். அதற்குள் நானும் ரோமெலும் டீக்கடையில் உட்கார்ந்தோம். அந்த ஊரில் எனக்கு வீடும் இல்லை, நிலமும் இல்லை. அடுத்தவர் காட்டில் கூலிக்குப் போன அப்பா அம்மாவுக்கும் இருந்ததில்லை. சொந்த ஊர் என்று நெஞ்சு உருகவெல்லாம் இல்லை. கடைக்காரர் மட்டும், "யாரு வீடு?" என்று கேட்டார். அப்பா பெயரைச் சொன்னேன். தெரியாது என்று தலையாட்டினார். பரவாயில்லை, என் பெயர் இனிமேல் தெரியவரும் என்று நினைத்துக்கொண்டேன்.

சிவகாசி லாட்ஜில் அறைக்கு அறை காலண்டர், வராந்தாவில் காலண்டர், குளியலறைக் கதவின் உள்பக்கமும் காலண்டர். முருகன், லட்சுமி, மாதா, மெக்கா எல்லோரும் வரிசையாக. "இத்தனை சாமிகளையும் யார் அச்சடிக்கிறார்கள்?" என்று ரோமெல் கேட்டார். இங்கேதான், நாம் வந்த தெருவில்தான் என்றதும் எழுந்துபோய் மாதா படத்தின் அடியில் பொடி எழுத்தில் இருந்த அச்சகத்தின் பெயரை விரலால் தடவிப் பார்த்தார்.

மறுநாள் காலை கம்பெனி வாசலில் எங்களை நிறுத்தியவர் போர்மேன் சுடலை. ஒல்லியான மனிதர், புருவம் வரை அலுமினியப் பொடி படிந்து வெள்ளியாக மின்னினார். போன், கைக்கடிகாரம், ரோமெலின் பெல்ட் எல்லாவற்றையும் வாங்கி வைத்துக்கொண்டார். ஸ்டாண்டின் காலைத் தட்டிப் பார்த்தார்.

"கோவிச்சுக்கிடாதீக அண்ணாச்சி. கப்பல்ல எப்படியோ. இங்கன இரும்பு உள்ள வராது."

"கேஸ் ஏத்துற கப்பலுக்குள்ளயே இறங்கி அளந்தவன் நான்" என்றேன்.

"கேஸுக்கு வாடை இருக்கு, மூக்கு காட்டிக் குடுக்கும். எங்க மருந்துக்கு அது கிடையாது."

கேப்டன்களோடு மல்லுக்கு நின்றவன் நான். சுடலையோடு நிற்கவில்லை. விருதுநகரிலிருந்து நில அளவைக்காரர்கள் வைத்திருக்கும் மர ஸ்டாண்ட் ஒன்றை வரவழைத்து, அதன் கால்களில் சைக்கிள் டியூப்பைச் சுற்றிக் கட்டினோம். சுடலை இன்னும் இரண்டு கண்டிஷன் போட்டார். மருந்து கலக்கும் அறைகளை ஞாயிற்றுக்கிழமை, ஆளில்லாதபோதுதான் அளக்க வேண்டும். வேலை நாளில் மிஷின் வேப்பமரத்தடியை விட்டு நகரக் கூடாது. அங்கிருந்து கதவு வழியாகத் தெரிவதை எடுத்துக்கொள்ளலாம். இரண்டுக்கும் தலையாட்டினேன். உள்ளே போகும் ஒவ்வொருவரும் வாசலில் பதித்திருந்த செம்புத் தகட்டைத் தொட்டுவிட்டுப் போக வேண்டும். உடம்பில் ஏறிய மின்சாரம் அதில் இறங்கிவிடுமாம். செருப்பைக் கழற்றிவிட்டுத் தொட்டேன். ரோமெல் தொட்டுவிட்டுச் சிலுவை போட்டுக்கொண்டார்.

பட்டாசுக் கம்பெனி என்றால் பெரிய கட்டடம் என்று வெளியூர்க்காரர்கள் நினைப்பார்கள். கிடையாது. கரிசல் காட்டில் தள்ளித் தள்ளி, நாலு பக்கமும் கதவு வைத்த சின்னச் சின்ன வெள்ளை அறைகள். ஒன்று போனால் மற்றது நிற்கவேண்டும் என்பதற்காகத்தான் அந்த இடைவெளி. ஒவ்வொரு சுவரிலும் சிவப்பு எழுத்தில் அறை எண், மருந்து எவ்வளவு, ஆள் எத்தனை என்று எழுதியிருக்கும். கப்பலில் உயிர்காக்கும் படகின் மேல் எழுதியிருக்குமே, அதே மாதிரி.

ஞாயிற்றுக்கிழமை காலையில் ரோமெல் சர்ச்சுக்குப் போய்விட்டு வந்தார். பூசை முழுக்கத் தமிழில். "ஒரு வார்த்தை புரியவில்லை பாஸ், ஆனால் எப்போது முழங்கால் போடவேண்டும் என்று என் முழங்காலுக்குத் தெரிந்தது" என்றார். பிறகு ஆளில்லாத கம்பெனியை அளந்தோம். சுவரெல்லாம் வெள்ளிப்பொடி. லேசர் அதில் பட்டுக் கண்டபடி சிதறியது. ஒவ்வொரு இடத்திலும் இரண்டு தடவை சுற்றவிட்டோம். சாப்பாடு சுடலை வீட்டிலிருந்து வந்தது. சோறும் கருவாட்டுக் குழம்பும். ஷார்ஜாவில் என் வீட்டுச் சமையல்காரன் வைக்கும் குழம்பில் இல்லாத ஒரு உறைப்பு. ரோமெல் கண்ணில் நீர் வழியச் சாப்பிட்டு இன்னும் கேட்டார். சுடலைக்கு அவரைப் பிடித்துப்போனது அந்த இடத்தில்தான்.

திங்கட்கிழமை வேலை நாள். வேப்பமரக் கிளைகளில் ஆளாளுக்குத் தூக்குவாளி தொங்கியது. மரத்துக்கு நேர் எதிரே இருந்த அறையில் பூச்சட்டிக்கு, புஸ்வாணம் என்பார்களே அதற்கு, மருந்து அடைக்கும் பெண்கள். சுவரில் ஆள் 4 என்று எழுதியிருந்தது. உள்ளே ஆறு பேர். சீசன் என்றார் சுடலை. நான் மேற்கொண்டு கேட்கவில்லை. அளக்க வந்தவனுக்கு அளவு போதும் என்று இருந்தேன்.

ஆள் நடமாடும் இடத்தை லேசரால் எடுப்பதில் ஒரு விஷயம் உண்டு. மிஷின் ஒரு சுற்றுச் சுற்றச் சில நிமிடமாகும். அதற்குள் நகர்ந்தவர்கள் படத்தில் விழமாட்டார்கள். புகை இழுத்தது போல ஒரு கோடு மட்டும் இருக்கும். கப்பலில் ஆட்கள் ஓடிக்கொண்டே இருப்பார்கள், அதனால் எங்கள் படங்களில் மனிதரே இருப்பதில்லை. இந்தப் பெண்கள் உட்கார்ந்த இடத்தை விட்டு நகராதவர்கள். திரையில் பார்த்தபோது முதுகும் தோளும் கல்லில் செதுக்கியது போல விழுந்திருந்தன. கைகள் மட்டும் இல்லை. கை இருக்கவேண்டிய இடத்தில் ஆறு பேருக்கும் ஒரு மூட்டம். எத்தனை வேகமான கைகள் என்று நானும் ரோமெலும் திரும்பத் திரும்பப் பார்த்தோம்.

மதியம் மரத்தடியில் அவர்கள் சாப்பிட வந்தபோது நான் அங்கே இருந்தேன். 

"ஏ, டிவிப் பொட்டிக்காரக வந்திருக்காகடி."

"டிவில வருமா அண்ணாச்சி?"

"வராதும்மா. இது அளவு எடுக்குற மிஷின்."

"பிளவுஸுக்கா?"

ஒரே சிரிப்பு. கேட்டவள் கதவோரம் உட்கார்ந்து வேலை செய்தவள், பெயர் ஜெயக்கொடி. மற்றவர்கள் சம்மணம் போட்டு உட்கார்வார்கள், இவள் வலது காலை நீட்டியே வைத்திருந்தாள். சின்ன வயதில் வண்டிச் சக்கரம் ஏறியதில் முழங்கால் மடங்காதாம். காலையில் சுடலை ஆள் எண்ணியபோது "பாண்டியம்மா" என்று கூப்பிட்டதற்கு இவள்தான் குரல் கொடுத்தாள். இவளுக்கு இரண்டு பெயரா என்று கேட்டேன். பக்கத்திலிருந்தவள் ஒளிவுமறைவு இல்லாமல் சொன்னாள்:

"அவ நாத்தனாதான் பாண்டியம்மா. பிள்ளை பெத்துக் கிடக்கா. அவ எடத்துக்கு இவ வந்திருக்கா. சீசன்ல எடத்தை விட்டா அடுத்தவ வந்து உக்காந்துருவாள்ல."

எங்கள் பக்கத்தில் இது புதிதில்லை. அக்காவுக்குத் தங்கை, மாமியாருக்கு மருமகள் என்று ஒருத்தி பெயரில் இன்னொருத்தி போவாள். போர்மேனுக்குத் தெரியும், முதலாளிக்குத் தெரியும், தெரியாதது காகிதத்துக்கு மட்டும்.

செவ்வாய்க்கிழமை கடைசி நாள். மிஷினை நிறுத்தும்போது ஜெயக்கொடி உள்ளிருந்தபடியே கேட்டாள், "அண்ணாச்சி, நேத்து எங்க படம் நல்லா விழுந்துச்சா?"

"கை மட்டும் விழல. அசையாம இருந்தா முழுசா விழும்."

"எம்புட்டு நேரம்?"

"மிஷின் ஒரு சுத்துச் சுத்துற வரைக்கும்."

எத்தனை சட்டி அடைக்கிறார்களோ அத்தனைக்குத்தான் அவர்களுக்குக் கூலி. வேறு யாரும் கையை நிறுத்தவில்லை. ஜெயக்கொடி நிறுத்தினாள். இடது கையில் பூச்சட்டிக் கூடு, வலது கையில் மருந்துக் கரண்டி, இரண்டையும் பிடித்தபடி எங்கள் பக்கம் முகத்தைத் திருப்பி அப்படியே இருந்தாள். அந்த வழியே போன சுடலை பார்த்துவிட்டார்.

"ஏத்தா, பொண்ணு பாக்கவா வந்திருக்காக? கையை நகட்டு."

"சும்மாருங்கண்ணே, அழிஞ்சிரும்" என்றாள் உதட்டை அசைக்காமல்.

மிஷின் நின்றதும், "போட்டோ தருவீகளா?" என்று கேட்டாள். "சிவகாசியிலயே பெருசா அடிச்சுத் தாரேன்" என்றேன். மாலையில் எல்லாவற்றையும் கட்டிப் பெட்டியில் வைத்துப் பூட்டினோம். சுடலை எங்கள் பொருட்களைத் திருப்பித் தந்தார். ரோமெலுக்குக் கருவாடு ஒரு பொட்டலம்.

புதன்கிழமை மர ஸ்டாண்டைத் திருப்பிக் கொடுக்க விருதுநகர் போனோம். காரியம் முடிந்ததும் ரோமெலை எண்ணெய்ப் புரோட்டா சாப்பிட வைத்தேன். எண்ணெயில் முறுக முறுகப் பொரித்தது, கையால் நொறுக்கிச் சால்னாவில் முக்கவேண்டும். இப்படி ஒன்று துபாயில் கிடைக்காது என்று நான் பெருமையாகச் சொல்லிக்கொண்டிருந்தேன். கல்லாவில் இருந்தவர் போனைக் காதில் வைத்துக்கொண்டே எழுந்து நின்றார். கடையிலிருந்த எல்லோரும் ஒருவர் பின் ஒருவராக அவரைப் பார்த்தார்கள்.

"எங்க?" என்று யாரோ கேட்டார்கள். என்ன நடந்தது என்று கேட்கவில்லை, எங்கே என்றுதான் கேட்டார்கள்.

"விஸ்வநத்தம்."

புரோட்டாவைப் பாதியில் வைத்துவிட்டு வேனில் ஏறினோம். ரயில்வே கேட் மூடியிருந்தது. கேட்டுக்கு இந்தப் பக்கம் ஆம்புலன்ஸ் ஒன்று சத்தம் போட்டபடி நின்றது. பைக்கில் நின்றவர்கள் இறங்கி, அதற்கு வழிவிட வண்டிகளை ஓரத்துக்குத் தள்ளினார்கள். அந்த ரயில் போக எடுத்துக்கொண்டது போல நீண்ட நேரத்தை அதற்கு முன்னும் பின்னும் நான் அனுபவித்ததில்லை.

பூச்சட்டி அறை இல்லை. தரை மட்டும் இருந்தது. பக்கத்து அறைகளின் ஓடுகள் பறந்திருந்தன, சுவர்கள் நின்றன. இடைவெளி தன் வேலையைச் செய்திருந்தது. வேப்பமரத்தின் ஒரு பக்கம் கருகியிருந்தது. மறு பக்கத்தில் தூக்குவாளிகள் தொங்கிக்கொண்டிருந்தன. உள்ளே இருந்தவர்களில் ஒருவரும் பிழைக்கவில்லை. அவர்களை வெளியே இழுக்கப் போன சுடலை ஆஸ்பத்திரியில் நினைவில்லாமல் கிடந்தார். வாசலில் பெண்கள் பெயர் சொல்லிக் கூப்பிட்டுக்கொண்டே இருந்தார்கள். ரோமெல் செம்புத் தகட்டருகே நின்று தொப்பியைக் கழற்றினார். கப்பல் தொட்டி வெடித்து நான் பார்த்திருக்கிறேன். அங்கே இரும்பு இருக்கும், என்ன நடந்தது என்று அதன் வளைவு சொல்லும். இங்கே சொல்வதற்கு எதுவும் மிஞ்சவில்லை.

அடுத்த நாள் காலை லாட்ஜுக்கு எதிரே டீக்கடையில் உட்கார்ந்திருந்தேன். பக்கத்து பெஞ்சில் இரண்டு பேர்.

"ஷார்ஜாக்காரன் ஒருத்தன் உள்ள போயி லேசர் அடிச்சானாம்ல. அந்தச் சூட்டுலதான் போயிருக்கு."

"கண்ணாஸ்பத்திரியில அடிப்பாகளே, அந்த லேசரா?"

"அதேதான். கண்ணுல பட்டாலே புரை போயிருது. மருந்துல பட்டா விடுமா? காரியாபட்டிக்காரனாம்."

என் மிஷினின் ஒளியில் ஒரு ஈக்குக்கூடச் சூடேறாது. வெடித்தபோது அது லாட்ஜில் பூட்டிய பெட்டிக்குள் இருந்தது. இதையெல்லாம் சொல்ல வாய் வரை வந்தது, டீக்குக் காசை வைத்துவிட்டு எழுந்துவிட்டேன். என் பெயர் தெரியவரும் என்று நினைத்தேன், தெரிந்துவிட்டது.

அன்று மத்தியானம் தங்கராசு முதலாளி வந்தார். போலீஸ் தேடுகிறது என்று சொன்னார்கள், இவரோ லாட்ஜின் பின் படிக்கட்டு வழியாக ஏறி வந்து என் கட்டிலில் உட்கார்ந்தார். முகம் சவரம் செய்யாமல் ஒரே நாளில் கிழடு தட்டியிருந்தது.

"சாப்பிட்டீகளா அண்ணாச்சி?" என்று கேட்டார். அப்படி ஒரு நாளிலும் எங்கள் பக்கத்தில் முதல் பேச்சு அதுதான்.

"ஆச்சு. நீங்க?"

"அந்தப் படமெல்லாம் உங்ககிட்டயா இருக்கு?"

"இருக்கு."

"அழிச்சிருங்க. ரூமுல நாலு பேருதான் இருந்தாகன்னு சொல்லியிருக்கேன். மத்தது சோறு குடுக்க வந்தவுக. அந்த ஜெயக்கொடி நம்ம ஆளே இல்ல, நாத்தனாவுக்குச் சோறு கொண்டாந்தவ."

"நாத்தனா வீட்டுல பிள்ளை பெத்துக் கிடக்கா. யாருக்குச் சோறு?"

"அண்ணாச்சி, எனக்கும் பொம்பளப் பிள்ளைக இருக்கு. நான் உள்ள போனா கம்பெனியோட போச்சு. வேலை பாக்குற அம்புட்டுப் பேரும் தெருவுல நிப்பாக." கட்டிலின் நுனிக்கு நகர்ந்தார். "ஊருக்குள்ள உங்க மிஷினப் பத்தியும் ஒரு பேச்சு ஓடுது. அது அப்படி இல்லன்னு சொல்றதும், நான் சொன்னாத்தான் எடுபடும்."

அவர் குரலில் மிரட்டல் இல்லை, கெஞ்சுகிற மாதிரியேதான் சொன்னார்.

நான் பயப்படவில்லை என்று எழுதினால் அது பொய். ஷார்ஜாவில் ஒரு டேங்கர் கரையேறக் காத்திருந்தது, நான் கையெழுத்துப் போட்ட வேலை. விசாரணை என்று பாஸ்போர்ட்டை வாங்கி வைத்தால் அது போகும். விடிந்ததும் விமானம் ஏறிவிடலாம், படத்தை அழிக்கவும் வேண்டாம், காட்டவும் வேண்டாம் என்று ஒரு வழி தோன்றியது. ரோமெலிடம் சொன்னேன். அவர் பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு, "நீங்கள் சொன்னால் போகலாம் பாஸ்" என்றார். பிறகு, "அந்த அம்மாவுக்குப் போட்டோ தருகிறேன் என்றீர்களே" என்றார். அவருக்குத் தமிழ் தெரியாது. அவள் கேட்டதும் நான் சம்மதித்ததும் எப்படியோ புரிந்திருக்கிறது.

சாயங்காலம் பாண்டியம்மாள் வந்தாள். நாரணாபுரத்திலிருந்து ஷேர் ஆட்டோவில், கைக்குழந்தையோடு, பச்சை உடம்புக்காரி. கூட அவளுடைய அண்ணன், ஜெயக்கொடியின் புருஷன். அவன் வாசல் நிலையைப் பிடித்தபடி நின்றான், உட்காரச் சொல்லியும் உட்காரவில்லை. மூன்று மாடி ஏறி வந்ததில் அவளுக்கு மூச்சு வாங்கியது. ரோமெல் தண்ணீர் கொடுத்தார்.

"எங்க மதினி கம்பெனிக்கு வேலைக்கே வரலன்னு எழுதிட்டாக அண்ணாச்சி. சோத்துக்காரின்னு எழுதிட்டாக."

"வேலை பாத்த மத்த ரூம் பிள்ளைக சொல்லாதா?"

"எப்படிச் சொல்லும்? அதுகளும் பாதி அடுத்தவ பேருல வந்ததுதான். வாயத் தொறந்தா நாளைக்கு வேற கம்பெனியிலயும் சேக்க மாட்டாக." குழந்தையைத் தோளில் மாற்றிப் போட்டாள். "என் எடத்துல உக்காந்தா. என் பேருக்குக் குரல் குடுத்தா. சாவாவது அவ பேருல இருக்கட்டும். நீங்க போட்டோ எடுத்தீகன்னு வந்து சொன்னா. அன்னைக்கு ராத்திரி பூரா அதே பேச்சு. இருக்கா, இல்லையா? அத மட்டும் சொல்லுங்க."

நான் ரோமெலைப் பார்த்தேன். அவர் ஏற்கெனவே கம்ப்யூட்டரைத் திறந்துகொண்டிருந்தார். வேண்டாம் என்று கையைக் காட்டினேன். ஜெயக்கொடியின் வீட்டார் முதன்முதலில் அதைப் பார்க்கும் இடம் லாட்ஜ் அறையாக இருக்க வேண்டாம் என்று தோன்றியது.

"இருக்கு" என்றேன். "நாளைக்கு விசாரணை நடக்குற ஆபீஸுக்கு வாங்க. நானும் வாரேன்."

விசாரணை அதிகாரியின் அறையில் மின்விசிறி சத்தம் போட்டது. படிப்பு என்ன என்று கேட்டார். ஆறாம் வகுப்பு என்றேன். தொழில் என்ன என்றார். கப்பல்களும் எண்ணெய் ஆலைகளும் அளப்பது என்றேன். நிமிர்ந்து பார்த்தார். ரோமெல் செவ்வாய்க்கிழமைப் படத்தைத் திறந்தார்.

வண்ணம் இல்லாத படம் அது. கம்பெனிக்குள் மிஷினின் கேமராவை நாங்கள் ஓடவிடவில்லை. ஒளி திரும்பிய பலத்தைப் பொறுத்துக் கருத்தும் வெளுத்தும் சாம்பல் நிறப் புள்ளிகளால் ஆன சுவர், கதவு, உள்ளே ஆறு பேர். ரோமெல் படத்தை மெல்லத் திருப்பினார். இப்போது இல்லாத அந்த அறைக்குள் நாங்கள் கதவு வழியாக நுழைந்தோம். ஐந்து பேருக்குக் கை மூட்டமாக இருந்தது. கதவோரம் இருந்தவளுக்கு மட்டும் விரல் வரைக்கும் விழுந்திருந்தது. ஒரு கையில் கூடு, மறு கையில் கரண்டி.

அதிகாரி நெடுநேரம் பார்த்தார். "முகத்துல கண்ணு, மூக்குன்னு தெளிவா அடையாளம் சொல்ற அளவுக்கு இல்லையே. இது அந்த அம்மாதான்னு எப்படி எழுதுறது? பாண்டியம்மாளாகவும் இருக்கலாம்ல?"

பாண்டியம்மாள் வாயைத் திறக்கும் முன்னால் அவள் அண்ணன் பேசினான். அதுவரை அவன் குரலை நான் கேட்டதில்லை.

"காலப் பாருங்க சார்."

படத்தில் எல்லோரும் சம்மணம் போட்டிருந்தார்கள். அவள் வலது கால் மட்டும் கதவை நோக்கி நீண்டிருந்தது.

"அது மடங்காது சார். கல்யாணத்துல மணையில உக்காரும்போதும் நீட்டித்தான் உக்காந்தா. எங்க தங்கச்சி உக்காந்திருக்கா பாருங்க."

பாண்டியம்மாள் அந்த ஆபீஸின் தரையில் குழந்தையை மடியில் வைத்துச் சம்மணம் போட்டுத்தான் உட்கார்ந்திருந்தாள். அதிகாரி அவளையும் திரையையும் மாறி மாறிப் பார்த்தார். கோணம் எவ்வளவு என்று அளக்க முடியுமா என்றார். முடியும் என்றேன். என் வாழ்க்கையில் எத்தனையோ தகடுகளின் வளைவை அளந்து கையெழுத்துப் போட்டிருக்கிறேன். அன்று ஒரு பெண்ணின் முழங்காலை அளந்து கையெழுத்துப் போட்டேன்.

"ஆள் நாலுன்னு சுவத்துல எழுதியிருக்கு" என்றார் அதிகாரி படத்தைப் பார்த்தபடி.

"ஆமா சார். எழுத்தும் விழுந்திருக்கு."

இறந்த தொழிலாளர்கள் என்று எழுதிய இடத்தில் ஜெயக்கொடியின் பெயர் ஏறியது. தங்கராசு முதலாளி தானாகவே போய்ச் சரணடைந்தார் என்று கேள்விப்பட்டேன். வெடித்த காரணம் என்ன என்று இன்னும் விசாரித்துக்கொண்டிருக்கிறார்கள். மிஷினை விசாரணைக்கு என்று வாங்கி வைத்துக்கொண்டார்கள், என்னையும் ஊரை விட்டுப் போக வேண்டாம் என்றார்கள். டேங்கர் வேலை வேறு கம்பெனிக்குப் போனது. போகட்டும். கப்பல் இன்னொன்று வரும், எனக்கு வராத கப்பலா. ரோமெலை அனுப்பிவிட்டு நான் லாட்ஜிலேயே இருந்தேன். டீக்கடையில் இப்போதெல்லாம் என்னைக் கண்டால் பேச்சு நின்றுவிடும். ஒருவர் எழுந்து இடம் கொடுப்பார், இன்னொருவர் எழுந்து போய்விடுவார். சுடலைக்கு நினைவு வந்தது. பார்க்கப் போனேன். கட்டுப் போட்ட கையை லேசாகத் தூக்கி, "வெள்ளைக்காரருக்குக் கருவாடு பிடிச்சிருந்துச்சா?" என்று கேட்டார். ரோமெல் வெள்ளைக்காரர் இல்லை என்று நான் திருத்தவில்லை. பிடித்திருந்தது என்றேன்.

படத்தை அச்சடிக்க ஒரு அச்சகத்துக்குப் போனேன். காலண்டர் ஓடிக்கொண்டிருந்த மிஷினுக்குப் பக்கத்தில் நின்று அச்சக முதலாளி கேட்டார், "கண்ணீர் அஞ்சலியா அண்ணாச்சி? பூ பார்டர் போடவா? வாசகம்?" பார்டர் வேண்டாம், வாசகமும் வேண்டாம், கீழே பெயர் மட்டும் போதும் என்றேன். ஜெயக்கொடி என்று பெரிய எழுத்தில் போட்டுக் கொடுத்தார்.

ஜெயக்கொடியின் கருமாதி விசேஷத்தன்று நாரணாபுரம் போனேன். சந்துக்குள் வீடு. பந்தலுக்கு வெளியே ஆண்கள், உள்ளே பெண்கள். இலை போட்டு உட்கார வைத்தார்கள். சாப்பிட்டேன். இப்படிப்பட்ட வீட்டில் மறுக்கக் கூடாது. கை கழுவிவிட்டு வந்து சுருளைப் பிரித்துப் பாண்டியம்மாளிடம் கொடுத்தேன்.

அவள் அதை மடியில் விரித்து வைத்துப் பார்த்தாள். பின்னாலிருந்து பெண்கள் எட்டிப் பார்த்தார்கள். மற்ற ஐந்து பேர் கை இல்லாமல் மூட்டத்துக்குள் இருக்க, கதவோரம் அவள் மதினி காலை நீட்டி, கரண்டியைப் பிடித்து, முகத்தை எங்கள் பக்கம் திருப்பி இருந்தாள். பாண்டியம்மாள் அந்தக் கை விரல்களை ஒவ்வொன்றாகத் தொட்டாள்.

"ஒரு நிமிசம் சும்மா இருக்க மாட்டா அண்ணாச்சி. சோறு தின்னும்போதுகூட இன்னொரு கை எதையாச்சும் செஞ்சுக்கிட்டே இருக்கும். இப்படி அசையாம இருந்து நாங்க யாரும் பாத்ததில்ல."

"நான்தான்மா இருக்கச் சொன்னேன்" என்றேன்.